ஒரு பெரிய நகரத்தோட வரலாறை அங்க வாழ்ந்தவங்க மண்டைக்குள்ள இருந்து படிக்கிறது எப்படி

ஒரு நகரத்தோட வரலாறு தெரிஞ்சுக்கணும்னு உக்காந்தா நம்மள்ல பாதி பேர் பண்றது ஒண்ணுதான், எந்த ராஜா எப்ப வந்தான், எந்த வருஷம் தீ புடிச்சுது, எந்த வருஷம் பாலம் கட்டுனாங்கன்னு வரிசையா எழுதி வைக்கிறது. நானும் லண்டனுக்கு அப்படி ஒரு நோட்டு ரொப்பி வச்சிருந்தேன், ரோமானியர் காலத்துல ஆரம்பிச்சு பக்கம் பக்கமா தேதி, ஆனா அந்த ஊர் ஏன் இப்படி இருக்குன்னு யாராவது கேட்டா அந்த நோட்டைப் பார்த்து ஒரு வரி பதில் சொல்ல வரல. அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு, கல்லும் செங்கல்லும் கடைசியா வர்றது, அதுக்கு முன்னாடியே அந்த ஊர் ஜனங்க எதுக்கு பயந்தாங்க, எதைப் பார்த்து கூச்சப்பட்டாங்க, யாரை நம்ம ஆளுன்னு சேத்துக்கிட்டாங்கங்கறது முடிவாயிடுது. இதைத் தேடிப் புடிக்க நான் பண்ற வேலையைத்தான் இங்க எழுதுறேன். எந்த நகரத்துக்கும் இது ஓடும், நான் உதாரணத்துக்கு பெரும்பாலும் லண்டனைத்தான் எடுக்கிறேன், ஏன்னா அங்க பேப்பர் எல்லாம் பத்திரமா இருக்கு.

முதல் வேலை, சின்னதா ஒண்ணை எடுங்க. "பாரிஸ் பண்பாடு", "லண்டன் சமுதாயம்"னு ஆரம்பிச்சீங்கன்னா மூணாவது நாள் விட்டுருவீங்க. ஒரு சாக்கடை, ஒரு வாசல் கதவு, ஒரு கல்வெட்டு, ஒரு பூங்கா, இந்த சைஸ் போதும். எடுத்துட்டு அதுகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: இது இப்படி அமையணும்னா அன்னிக்கு இருந்தவங்க எதை உண்மைன்னு நம்பியிருக்கணும்?

சாக்கடையையே எடுத்துப் பார்ப்போம், எனக்கு ரொம்பப் புடிச்ச கதை இது, கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க.

1840கள்ல லண்டன்ல படிச்சவங்க, டாக்டருங்க, அதிகாரிங்க கிட்டத்தட்ட எல்லாரும் நம்புனது, நோய் கெட்ட காத்துல வருது, அதாவது நாத்தம்தான் நோய். எட்வின் சாட்விக்னு ஒரு பெரிய சுகாதார சீர்திருத்தவாதி, 1846ல நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடியே நாத்தம் எல்லாமே நோய்தான்கிற மாதிரி சாட்சி சொன்னாரு. சரி, நாத்தம்தான் எதிரின்னா என்ன பண்ணுவாங்க? வீட்டுக்கு அடியில இருக்குற மலக்குழியை மூடு, எல்லாத்தையும் சாக்கடையில விடு, சாக்கடை தேம்ஸ் ஆத்துல போய் விழட்டும், வீட்டுல நாத்தம் போயிடும். லாஜிக் பக்கா. ஆனா அந்த ஆத்துத் தண்ணியைத்தான் ஊர்ல பாதி குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. 1848-49 காலராவுல லண்டன்ல மட்டும் சுமார் 14,000 பேர் செத்தாங்க. ஜனங்களைக் காப்பாத்தணும்னு நெனச்சுப் பண்ண வேலையே நோயை தண்ணியில கலந்து குடுத்துருச்சு.

1854ல சோஹோ பக்கம் பிராட் ஸ்ட்ரீட்ல திரும்ப காலரா. ஜான் ஸ்னோங்கற டாக்டர் வீடு வீடா போய் யார் எந்த பம்புல தண்ணி புடிச்சாங்கன்னு கேட்டு, செத்தவங்க எல்லாம் ஒரே பம்பைச் சுத்தி இருக்காங்கன்னு காட்டுனாரு. கிட்டத்துலயே ஒரு ஏழைகள் விடுதி, அங்க நூத்துக்கணக்குல ஆளு, ஆனா சாவு ரொம்பக் கம்மி, ஏன்னா அவங்களுக்குன்னு தனிக் கிணறு இருந்துச்சு. செப்டம்பர் 8ஆம் தேதி பம்போட கைப்பிடியைக் கழட்டிட்டாங்க. நம்மள்ல நிறைய பேர் கதையை இங்கயே நிறுத்திருவோம், ஹீரோ ஜெயிச்சுட்டாருன்னு. ஜெயிக்கல. அரசாங்க சுகாதாரத் துறை ஆராய்ஞ்சு பார்த்துட்டு ஸ்னோ சொல்றதை ஏத்துக்க காரணம் எதுவும் இல்லன்னுருச்சு. காத்துதான்னு உறுதியா நின்னாங்க.

1858 ஜூன்ல செம வெயில், ஆறு மொத்தமும் நாறுது, நாடாளுமன்றம் ஆத்தங்கரையிலயே இருக்கு, ஜன்னல் திரையெல்லாம் குளோரின் சுண்ணாம்புக் கரைசல்ல முக்கித் தொங்க விட்டும் உறுப்பினர்களால உள்ள உக்கார முடியல, மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுறாங்க. நாத்தம்தான் நோய்னு நம்புற ஆளுக்கு அது வெறும் அசிங்கம் கிடையாது, உசுரு பயம். புது சாக்கடை கட்டுறதுக்கு வருஷக்கணக்கா இழுத்தடிச்ச சட்டம் 18 நாள்ல நிறைவேறிடுச்சு. பொறியாளர் ஜோசப் பாசல்கெட் சுமார் 132 கிலோமீட்டருக்கு பெரிய செங்கல் சாக்கடை கட்டி கழிவை ஊருக்குக் கிழக்க தள்ளி கொண்டுபோனாரு. தேம்ஸ் ஓரமா இன்னிக்கு ஜனங்க வாக்கிங் போற விக்டோரியா எம்பாங்க்மென்ட் 1870ல தொறந்தது, அதுக்கு அடியில ஓடுறது அந்த சாக்கடைதான். ஸ்னோ பாவம், அந்த நாத்தம் உச்சத்துல இருந்த அதே ஜூன் மாசம் இறந்துட்டாரு. 1866ல திரும்ப காலரா வந்துச்சு, 5,000க்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் ஊருக்குக் கிழக்க ஈஸ்ட் எண்ட்ல, சாக்கடை வேலை இன்னும் முடியாம கிடந்த பகுதியில. அப்பதான் நோய் தண்ணியில வருதுங்கறது பலருக்கு உறைச்சுது.

இந்தக் கதையில நான் கத்துக்கிட்ட டெக்னிக், நோட்டுல ஒவ்வொரு வருஷத்துக்கு பக்கத்துலயும் "அன்னிக்கு என்ன நம்புனாங்க"ன்னு தனியா ஒரு கட்டம் போட்டு எழுதுறது. இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சதை அதுல எழுதக் கூடாது. காலராவுக்கு கிருமிதான் காரணம்னு ராபர்ட் காக்ங்கற ஜெர்மன் டாக்டர் 1883-84ல அடையாளம் காட்டுனாரு, லண்டன் சாக்கடையோட பெரும்பகுதி அதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சாச்சு. தப்பான நம்பிக்கை ஒண்ணு சரியான சாக்கடையைக் கட்டியிருக்கு, அதே நம்பிக்கை பத்து வருஷம் முன்னாடி ஆளைக் கொன்னுருக்கு. "முட்டாள்கள்"னோ "தீர்க்கதரிசிகள்"னோ ஒரு வார்த்தையில முடிச்சுட்டுப் போனா ரெண்டும் கண்ணுல படாது.

அடுத்து, கட்டாம போன பிளானைத் தேடுங்க. இதை யாரும் பண்றதில்ல, ஆனா இதுலதான் சரக்கு இருக்கு. 1666 செப்டம்பர் தீயில லண்டன்ல 13,200 வீடு, 87 சர்ச் போச்சு. தீ அணைஞ்சு ஒரு வாரம்கூட ஆகல, கிறிஸ்டபர் ரென்ங்கற கட்டடக் கலைஞர் அகலமான நேர் ரோடு, வட்ட சதுக்கம்னு அழகா ஒரு பிளானை ராஜா கைல குடுத்துட்டாரு. ராஜாவுக்கும் புடிச்சுது. நடந்துச்சா? இல்ல. எரிஞ்சு சாம்பலான இடத்துலயும் "இது என் மனை, இதுவரைக்கும் என் எல்லை"ன்னு ஒவ்வொருத்தனும் நின்னான், அதை மீறி ராஜாவே கை வைக்க முடியாதுங்கற எண்ணம் அங்க அவ்வளவு ஆழமா இருந்துச்சு, கையில காசும் இல்ல. 1667ல சட்டம் போட்டு சில தெருவை அகலப்படுத்துனாங்க, இனிமே மரம் கூடாது செங்கல்லும் கல்லும்தான்னாங்க, வீட்டுக்காரன் வாடகைக்காரன் சண்டையைத் தீக்க தனி கோர்ட்டே வச்சாங்க. மத்தபடி தெரு எல்லாம் பழைய வளைசல்லயே திரும்ப எழுந்துச்சு. இன்னிக்கும் லண்டன் நடுவுல மேப்பைத் தொறந்து பாருங்க, கண்ணாடிக் கோபுரம் நிக்குற சந்துகூட இடைக்காலத்து வளைசல்லதான் போகும். அதோட பாரிஸை வச்சுப் பாருங்க, 1853ல இருந்து 1870 வரைக்கும் ஹவுஸ்மன்ங்கற அதிகாரி, பேரரசர் மூணாம் நெப்போலியன் ஆதரவுல, வீடுகளை இடிச்சு நேர் ரோடு போட்டாரு. தனிமனுஷன் சொத்துக்கு முன்னாடி அரசு எவ்வளவு தூரம் போகலாம்னு ரெண்டு ஊரும் வேற வேற மாதிரி யோசிச்சது ரெண்டு மேப்லயும் அப்படியே தெரியுது.

ஹவுஸ்மன் பேச்சு வந்ததால ஒரு எச்சரிக்கை. அந்த அகல ரோடெல்லாம் பீரங்கி ஓட்டவும் கலகக்காரங்க தடுப்பு போடாம இருக்கவும்தான்னு அடிச்சு சொல்லுவாங்க. அது ஒரு காரணம், இல்லன்னு சொல்லல. ஆனா காத்தும் வெளிச்சமும் வந்தா நோய் போகும்ங்கற நம்பிக்கை, ரயில் ஸ்டேஷனை இணைக்கணும்ங்கற தேவை, மனை விலை ஏத்திக் காசு பாக்குற ஆளுங்க, எல்லாம் சேர்ந்துதான் அது. ஒரே ஒரு ஐடியாவை வச்சு மொத்த ஊரையும் விளக்குறவங்களை நம்பாதீங்க, என்னையும் சேத்துதான். நான் செக் பண்றது எப்படின்னா, அந்த ஐடியா கட்டுமானத்துக்கு முன்னாடியே யாராவது எழுதி வச்சிருக்காங்களா, அதுக்கு காசு குடுத்தவன் அதை நம்புனானா, ரெண்டுக்கும் ஆமான்னா எடுத்துக்குவேன். கட்டி முடிச்சு ஐம்பது வருஷம் கழிச்சு எவனோ சொன்ன விளக்கம்னா ஓரமா வச்சுருவேன்.

சட்டமும் வரியும் போர் அடிக்கும், ஆனா அதைப் படிக்காம விடாதீங்க. வெனிஸ்ல 1516ல யூதர்கள் எல்லாம் ஒரு சின்னத் தீவுலதான் இருக்கணும்னு அரசு உத்தரவு, ராத்திரி வாசல் கதவைப் பூட்டிருவாங்க, அந்த இடத்துப் பேர்தான் கெட்டோ, உலகம் பூரா பரவுன வார்த்தை அங்க இருந்துதான் வந்துச்சு. ஜனம் பெருகுது, இடம் பெருகாது, அதனால மேல மேல மாடி ஏத்துனாங்க, ஒவ்வொரு மாடியும் குட்டையா. இன்னிக்கும் அந்த சதுக்கத்துல நின்னு ஜன்னலை கீழ இருந்து எண்ணிக்கிட்டே போனா ஏழு எட்டுனு வரும், பக்கத்துல இருக்குற சாதாரண வெனிஸ் வீட்டை எண்ணுனா அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் வரும், ஜன்னலும் ஒண்ணு தலைமேல ஒண்ணு ஏறி உக்காந்த மாதிரி நெருக்கமா இருக்கும். கதவை 1797ல நெப்போலியன் படை வந்து எடுத்துட்டாங்க. 1516ல போட்ட உத்தரவு இன்னிக்கும் சுவத்துல ஜன்னல் ஜன்னலா நிக்குது.

அதுக்கு நேர் எதிர் வியன்னா. 1919ல இருந்து 1934 வரைக்கும் சோஷலிஸ்டுங்க கைல ஊர். வீடுங்கறது வியாபாரச் சரக்கு இல்ல, தொழிலாளிக்கும் வெயிலும் காத்தும் வேணும்னு நெனச்சாங்க, சரி காசுக்கு என்ன பண்றது, 1923ல வீட்டு வரி போட்டாங்க, பெரிய வீட்டுக்கு கூட வரி, வேலைக்காரங்க வச்சிருந்தா வரி, கார் வச்சிருந்தா வரி, பந்தயக் குதிரைக்கும் வரி. அந்தக் காசுல 60,000க்கு மேல வீடு. கார்ல் மார்க்ஸ் ஹோஃப்னு ஒண்ணு, ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1,382 வீடு, துணி துவைக்கிற இடம், குளியலறை, குழந்தைங்க பள்ளி, லைப்ரரி எல்லாம் உள்ளயே, மனையில பெரும்பகுதி தோட்டமாவே விட்டுட்டாங்க. 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில ராணுவம் அந்தக் கட்டடத்து மேல பீரங்கி சுட்டுச்சு. ஒரு குடியிருப்பு மேல ஏன் பீரங்கி சுடணும்னு யோசிச்சீங்கன்னா, அந்தக் கட்டடம் எந்த எண்ணத்துக்கு நின்னுச்சுன்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்சிருக்குங்கறது புரியும். வியன்னாவுல நடந்து போனா இந்த மாதிரி வீடுங்க சுவத்துல பெரிய சிவப்பு எழுத்துல நகராட்சி இதை எந்த வருஷம் கட்டுச்சுன்னு எழுதியிருக்கும், அதை ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து வருஷ வாரியா அடுக்குங்க, ஒரு எண்ணம் எப்ப சூடு புடிச்சு எப்ப அடங்குச்சுன்னு நீங்களே பாத்துரலாம்.

கல்வெட்டும் தெருப்பேரும் லேசான வேலை, ஒரு சாயங்காலம் போதும், ஆனா பேர் என்னன்னு மட்டும் குறிச்சா பத்தாது, எத்தனை தடவை மாத்துனாங்கன்னு பாருங்க. பாரிஸ்ல பிளாஸ் தெ லா கொன்கோர்த் முதல்ல லூயி 15 பேர்ல இருந்துச்சு, 1792ல புரட்சி சதுக்கம், 1793 ஜனவரி 21ல லூயி 16 தலையை அங்கதான் வெட்டுனாங்க, 1795ல ரத்தம் போதும்னு "ஒற்றுமை" சதுக்கம் ஆக்கிட்டாங்க, அப்புறம் ராஜாக்கள் திரும்ப வந்ததும் திரும்பப் பேர் மாத்தம். கடைசில 1836ல எகிப்துல இருந்து வந்த கல்தூண் ஒண்ணை நடுவுல நட்டாங்க, பிரெஞ்சு அரசியல்ல எந்தக் கட்சிக்கும் அதுமேல கோவம் வர முடியாதுல்ல!

லண்டன் தீ நினைவுத்தூண் இதைவிட மோசம். தீ புடிச்சது ஒரு ரொட்டி சுடுற வீட்டுல, ஆனா ஜனங்களுக்கு யார் மேலயாவது பழி போடணும். ராபர்ட் ஹூபேர்னு ஒரு பிரெஞ்சுக்காரன் நான்தான் வச்சேன்னு ஒத்துக்கிட்டான், தூக்குல போட்டுட்டாங்க, அப்புறம் பார்த்தா தீ ஆரம்பிச்சு ரெண்டு நாள் கழிச்சுதான் அவன் லண்டன்லயே இறங்கியிருக்கான். 1681ல தூண்ல கத்தோலிக்கர்தான் காரணம்னு சேத்து செதுக்குனாங்க. கத்தோலிக்க ராஜா வந்தப்ப அழிச்சாங்க, அவர் போனதும் திரும்ப செதுக்குனாங்க, 1830லதான் ஒரேயடியா எடுத்தாங்க. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்துல உக்கார சட்டம் வந்தது 1829. ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, கல்லுல எழுத்து எப்ப போகும்னு தெரிஞ்சிரும்.

ஐடியா எந்த இடத்துல கூடிப் பேசுச்சுன்னும் பாருங்க. லண்டன்ல முதல் காபி கடை 1652, ஒரு பென்னி குடுத்தா யாரு வேணா உக்காந்து செய்தி பேசலாம், யாரு வேணான்னா ஆம்பளைங்க. அரசாங்கத்தைக் கிண்டல் பண்றாங்கன்னு சார்லஸ் ராஜா 1675 கடைசில எல்லாத்தையும் மூடச் சொன்னாரு, ஒரே கூச்சல், சில நாள்லயே வாபஸ். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கப்பல்காரங்க கூடுன லாயிட் காபி கடையில இருந்து இன்சூரன்ஸ் சந்தை வந்துச்சு, ஜோனதன் காபி கடையில இருந்து பங்குச் சந்தை.

இப்ப நான் ரொம்ப நாள் கோட்டை விட்ட விஷயம், யார் இல்லன்னு பாக்குறது. இருக்குறதைப் பார்த்துப் பார்த்து இல்லாதது கண்ணுல படவே படாது. 1851 லண்டன் கண்காட்சியில காசு குடுத்துப் போற பொதுக் கழிப்பறை வச்சது பெரிய ஹிட், அதுக்கப்புறம் தெருவுல வந்ததெல்லாம் பெரும்பாலும் ஆம்பளைங்களுக்கு. மரியாதையான பொம்பளைக்கு வீட்டை விட்டு அவ்வளவு நேரம் வெளிய என்ன வேலைங்கற எண்ணம்தான் காரணம், பெண்கள் கழிப்பறை கட்டுனா அந்த இடமே அசிங்கமாயிடும்னு எதிர்த்தவங்களும் உண்டு. விளைவு என்னன்னா ஒரு பொண்ணு வீட்டுல இருந்து எவ்வளவு தூரம் போகலாம்னு அவ உடம்பு முடிவு பண்ணும், வெளிய போகணும்னா காலையில இருந்து தண்ணி குடிக்காம இருக்கணும். பழைய மேப்ல கழிப்பறையைக் குறிச்சு ஆண் பெண்னு ரெண்டு கலர் அடிச்சுப் பாருங்க, ஊர் யாருக்காகக் கட்டுனதுன்னு தெரியும்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கும் இதே கேள்வி. அந்த இடத்துல 1825ல இருந்து செனெகா வில்லேஜ்னு ஒரு ஊர் இருந்துச்சு, 200க்கு மேல ஜனம், மூணுல ரெண்டு பங்கு கறுப்பினத்தவர், சர்ச் மூணு, ஸ்கூல் ஒண்ணு. அந்த மாகாணத்துல 1821ல இருந்து கறுப்பின ஆம்பளைக்கு ஓட்டு வேணும்னா 250 டாலர் சொத்து இருக்கணும், வெள்ளைக்காரங்களுக்கு அந்தக் கண்டிஷன் இல்ல. அப்ப அங்க மனை வாங்குறதுன்னா ஓட்டு வாங்குற மாதிரி. 1857ல எல்லாரையும் காலி பண்ணிட்டாங்க, ஊருக்கு நுரையீரல் மாதிரி பார்க் வேணும்ங்கற புது எண்ணத்துக்காக. அந்தக் காலப் பத்திரிகையில தேடுனா ஆக்கிரமிப்பாளருங்க, குடிசைக்காரங்கன்னுதான் வரும், சொத்துப் பத்திரத்துல தேடுனா முறையா காசு குடுத்து வாங்குன ஆளுங்க பேர் வரும். அதனால ரூல் மாதிரி வச்சுக்கோங்க, வெளிய தள்ளப்பட்டவங்களைப் பத்தி தள்ளுனவங்க பத்திரிகையில மட்டும் படிக்காதீங்க, பத்திரம், வரி ரசீது, சர்ச் ரெஜிஸ்டர், ஜனத்தொகை கணக்கு, இதுங்கள்ல தேடுங்க.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா ஒரு மேப் சொல்றேன். சார்லஸ் பூத்னு ஒரு கப்பல் முதலாளி 1880கள்ல இருந்து லண்டன்ல தெருத் தெருவா ஆள் அனுப்பி வறுமையைக் கணக்கெடுத்து மேப்ல கலர் அடிச்சாரு, 30 சதவீதத்துக்கு மேல ஜனங்க வறுமையிலன்னு அதுல வந்துச்சு. ஆன்லைன்ல ஃப்ரீயாவே இருக்கு. உடனே தெருவைப் பாக்காதீங்க, முதல்ல கலர் குறிப்பைப் படிங்க. மஞ்சள் பணக்காரங்க. கடைசில கறுப்பு, அதுக்கு நேரா "மிகக் கீழ் வகுப்பு, தீய குணம், அரைகுறை குற்றவாளிகள்"னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதியிருக்கும். மத்த கலர் எல்லாம் வருமானத்தைப் பேசுது, இந்த ஒண்ணு மட்டும் குணத்தைப் பேசுது. அதைக் குறிச்சுக்கிட்டு அப்புறம் மேப்புக்குள்ள போங்க, கறுப்புத் தெருவுக்கு பக்கத்துலயே நல்ல கலர் தெரு ஓடுற இடமா ஒண்ணைப் புடிங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவரோ ரயில் பாதையோ முட்டுச் சந்தோ இருக்கும், அது எப்ப வந்துச்சு, யார் கேட்டு வந்துச்சுன்னு தேட ஆரம்பிங்க.